ஆர்கெஸ்ட்ராவில் நிரந்தர வேலை இருக்கும்போது சின்னக் குழு எதற்கு?

கேள்வி: பெர்லின், வியன்னா மாதிரி பெரிய மேற்கத்திய இசை ஆர்கெஸ்ட்ராக்களில் நிரந்தர வேலையில் இருப்பவர்கள்கூட நாலு பேர், எட்டு பேர் சேர்ந்த சேம்பர் குழுக்களில் வாசிக்கிறார்களே, ஏன்? பக்க வருமானத்துக்கா, பொழுதுபோக்குக்கா?

இரண்டுக்கும் இல்லை. ஆர்கெஸ்ட்ராக் கலைஞரின் தொழிலில் சரிபாதி அது என்றே நான் சொல்வேன். வயலின், வியோலா, செல்லோ மாதிரி தந்திக்கருவி வாசிப்பவர்களுக்கு அந்தப் பாதி இல்லாவிட்டால் மற்றப் பாதியும் நாளாவட்டத்தில் மங்கிவிடும்.

நான் பெர்லினில் குடியிருக்கிறேன். எங்கள் கட்டிடத்தில் மேல்வீட்டுப் பெண்மணி ஒரு ஆர்கெஸ்ட்ராவில் வியோலா வாசிப்பவர். அவருடைய குழு சில சமயம் அவர் வீட்டுக் கூடத்திலேயே ஒத்திகை பார்க்கும். மூலையில் உட்கார்ந்து கேட்க என்னையும் விடுவார். நான் சொல்வதில் பாதி அங்கே கண்டது, மீதி இத்தனை வருடம் கச்சேரிகளுக்குப் போய், இந்த மனிதர்களைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் ஆர்கெஸ்ட்ரா வேலை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். உள்ளே நுழைவதே பெரும்பாடு. ஆடிஷனில் வயலின்காரர் மொஸார்ட் கான்செர்ட்டோ (தனிக்கருவி முன்னிற்கும் படைப்பு) ஒன்றைத் தனியாக வாசிக்க வேண்டும். அதில் தேறினால் ஆர்கெஸ்ட்ராப் படைப்புகளிலிருந்து கடினமான துண்டுகளைக் கேட்பார்கள்; ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'டான் ஹுவான்' தொடக்கம் அநேகமாக எங்கும் வரும். வேலை கிடைத்தாலும் உடனே நிரந்தரம் ஆகாது. பெர்லின் பில்ஹார்மோனிக்கில் தகுதிகாண் காலம் இரண்டு வருடம் வரை போகும், முடிவில் சக கலைஞர்கள் வாக்களிப்பார்கள். வியன்னா பில்ஹார்மோனிக் இன்னும் கறார்: முதலில் அரசு ஆப்பரா (இசைநாடக) ஆர்கெஸ்ட்ராவில் இடம் பிடித்து, அங்கே குறைந்தது மூன்று வருடம் வாசித்த பிறகே உறுப்பினராகக் கேட்க முடியும்.

தனியாளாக எவ்வளவு அழகாக வாசிக்கிறார் என்று பார்த்துத்தான் ஒருவரை எடுக்கிறார்கள். எடுத்த மறுநாளிலிருந்து அவர் குரல் தனியாகக் கேட்கக் கூடாது. முதல் வயலின் வரிசையில் மட்டும் பதினாறு பேர் வரை இருப்பார்கள். வில்லை மேல்நோக்கித் தள்ளுவதா, கீழ்நோக்கி இழுப்பதா என்பதைக்கூட வரிசையின் தலைவர்தான் தீர்மானிப்பார். பென்சிலில் அவர் போட்ட குறி பின்னால் உள்ள ஒவ்வொரு பிரதிக்கும் அப்படியே நகலாகும். இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு. பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் உள்பக்கம் இருப்பவர் வாசிப்பதை நிறுத்தி விட்டுத் திருப்புவார், பக்கத்தில் இருப்பவர் தொடர்வார். இதெல்லாம் பெரிய கலைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. பதினாறு பேர் ஒரே மூச்சாக வாசிக்கும்போது வருகிற அந்த நாதத்தை வேறு எதனாலும் தர முடியாது. ஆனால் முப்பத்தைந்து வருடம் அதை மட்டுமே செய்தால், 'இந்த வரியை நான் எப்படி வாசிப்பேன்?' என்ற கேள்வியே ஒருவருக்கு மறந்துபோகும்.

ஊதுகருவிக்காரர்கள் நிலைமை வேறு. ஓபோ, கிளாரினெட், ஹார்ன் எல்லாவற்றிலும் ஆளுக்கு ஒரு வரி. தப்பு செய்தாலும் அழகாகச் செய்தாலும் அரங்கம் முழுக்கத் தெரியும். அதனால் சேம்பர் இசையின் பசி தந்திக்கருவிக்காரர்களுக்குத்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். அதிலும் ஆளுயர டபுள் பேஸ் வாசிப்பவர்கள் பாவம். ஷூபர்ட்டின் ட்ரௌட் குவின்டெட் (ஐந்து பேருக்கு), அவருடைய ஆக்டெட் (எட்டுப் பேருக்கு), பீத்தோவனின் செப்டெட் (ஏழு பேருக்கு), துவோர்ஷாக்கின் ஒரு குவின்டெட் என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அவர்களுக்குப் பேர்பெற்ற படைப்புகள் உண்டு. அவற்றில் ஒன்றுக்கு அழைப்பு வந்தால் மேல்வீட்டுக் குழுவின் பேஸ்காரர் அந்தப் பெரிய பெட்டியைப் படியேற்றிச் சுமந்து வருவதைப் பார்க்க வேண்டும், முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

மேல்வீட்டில் நான் கேட்டது ஷூபர்ட் 1824-ல் எழுதிய அந்த ஆக்டெட்டைத்தான். கிளாரினெட், ஹார்ன், பசூன், இரண்டு வயலின், வியோலா, செல்லோ, பேஸ். ஆறு பகுதிகள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரண்டாவது பகுதியில் கிளாரினெட் ஒரு நீண்ட மெட்டை எடுக்கும், தந்திகள் கீழே மெதுவாக அசைந்துகொண்டிருக்கும். கேட்க எளிது. ஆனால் அன்று நாலைந்து பார்களுக்கே (தாள அளவுகளுக்கே) அரை மணி நேரம் போயிற்று. கிளாரினெட்காரர் எங்கே மூச்சு எடுக்கப் போகிறார் என்று வியோலாக்காரர் கேட்டார். அவர் ஒரு இடத்தைச் சொன்னார். "அங்கே எடுத்தால் வரி உடைகிறதே" என்றார் இரண்டாவது வயலின். மூச்சை ஒரு சுரம் தள்ளிவைத்து வாசித்தார்கள். இப்போது செல்லோவுக்கு வில்லின் நீளம் போதவில்லை. அழித்தார்கள், வேறு குறி போட்டார்கள், மறுபடி அழித்தார்கள். கடைசியில் யாரும் எதுவும் சொல்லாமலேயே கிளாரினெட்டின் மூச்சுக்குக் கீழே இருந்த தந்திகள் ஒரு துளி விட்டுக்கொடுத்தன. நம்மூர்க் கச்சேரியில் வயலின்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்தே அடுத்த சங்கதியை ஊகிப்பாரே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆர்கெஸ்ட்ராவில் இந்தப் பேச்சுக்கு இடமில்லை, நேரமும் இல்லை. முன்னால் நின்று நடத்தும் கண்டக்டர் கை தூக்கினால் எடுக்க வேண்டியதுதான்.

பெரிய ஆர்கெஸ்ட்ராக்களுக்கு இது நன்றாகவே தெரியும். பெர்லின் பில்ஹார்மோனிக்கின் உறுப்பினர்களிடையே எத்தனையோ குழுக்கள் உண்டு. ஷாரூன் குழு 1983-ல் தொடங்கியது. அவர்கள் வாசிக்கும் அரங்கத்தை வடிவமைத்த கட்டிடக் கலைஞர் ஹான்ஸ் ஷாரூனின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அதற்கும் ஷூபர்ட் ஆக்டெட்டின் அமைப்புதான் அடிப்படை. 1972-ல் செல்லோ வரிசை முழுவதுமே ஒரு குழுவாயிற்று, பன்னிரண்டு செல்லோ. ஆர்கெஸ்ட்ராவுக்குள் செல்லோக்காரராக நுழைபவருக்கு அதிலும் இடம். பாஸ்டன் சிம்பொனியோ 1964-லிருந்து தன் முன்னணிக் கலைஞர்களைக் கொண்டு சேம்பர் குழு ஒன்றைத் தானே நடத்துகிறது. எந்த நிர்வாகமும் இதைத் தயவுக்காகச் செய்வதில்லை. எட்டுப் பேரில் ஒருவராகக் கேட்கப் பழகியவர் நூறு பேர் நடுவிலும் அப்படியே கேட்பார், அந்த லாபம் ஆர்கெஸ்ட்ராவுக்குத்தான்.

சரி, பணம்? சேம்பர் கச்சேரியில் கிடைப்பது பெரிய தொகை இல்லை. எட்டாகப் பிரித்து, ஒத்திகை நேரத்தையும் கணக்கில் வைத்தால் இன்னும் சுருங்கும். உண்மையில் விஷயம் தலைகீழ்: மாதச் சம்பளம் இருப்பதால்தான் குழு சுதந்திரமாக இருக்க முடிகிறது. கூட்டம் வராத புது இசையையும் துணிந்து எடுக்கலாம். முழுநேரக் குவார்டெட்டுகளுக்கு (நால்வர் குழுக்களுக்கு) அந்த வசதி இல்லை, வருடத்தில் பெரும்பகுதி பெட்டியும் கையுமாக ஊர் ஊராகப் போயாக வேண்டும்.

இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நூறு வருடத்துக்கு முந்தைய இருவர் இருக்கிறார்கள். ஃபிரான்ஸ் நைசல் இருபது வயதில், 1885-ல், பாஸ்டன் சிம்பொனியின் கான்செர்ட்மாஸ்டர், அதாவது முதல் வயலின் வரிசையின் தலைவர், ஆனார். அதே வருடம் தன் பெயரில் குவார்டெட் தொடங்கினார். துவோர்ஷாக்கின் 'அமெரிக்கன்' குவார்டெட்டை 1894-ல் முதலில் மேடையேற்றியது அவர்கள்தான். 1903-ல் அவர் ஆர்கெஸ்ட்ராவை விட்டு வெளியேறி, 1917-ல் கலையும் வரை குவார்டெட்டோடு நின்றார்.

ஆர்னால்ட் ரோஸே அந்தப் பக்கம் போகவில்லை. 1881-ல் வியன்னா ஆப்பராவில் கான்செர்ட்மாஸ்டராகச் சேர்ந்தவர் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த நாற்காலியிலேயே இருந்தார், கூடவே தன் குவார்டெட்டையும் நடத்தினார். அந்தக் காலத்துப் புது இசைக்காரர் ஷோன்பெர்க்கின் இரண்டாவது குவார்டெட்டை 1908-ல் வாசித்தபோது அரங்கமே கலவரமானது. இரவில் ஆப்பராவில் உட்காரும் மனிதருக்கு அந்தக் கூச்சலைத் தாங்கிக்கொள்ளும் தைரியம் இருந்தது, வேலையும் இருந்தது. 1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும், யூதர் என்பதற்காக அந்த வேலை ஒரே அடியில் பறிபோனது. மறுவருடம் லண்டனுக்குத் தப்பிப்போன அந்த எழுபத்தைந்து வயதுக்காரருக்கு ஆர்கெஸ்ட்ரா இல்லை, ஊர் இல்லை. குவார்டெட் இருந்தது. வியன்னாவிலிருந்து தப்பி வந்த பழைய செல்லோக்காரர் புக்ஸ்பாமைச் சேர்த்துக்கொண்டு அங்கேயும் வாசித்தார். இந்தத் தொழில்வாழ்க்கையை நினைக்காமல் இந்தக் கேள்விக்கு என்னால் பதில் எழுத முடியாது.

கஷ்டங்களும் உண்டு. ஆர்கெஸ்ட்ரா அட்டவணைதான் முதலில், மற்றது மிச்ச நேரத்தில். வேறு வேறு ஆர்கெஸ்ட்ராவில் வேலை செய்யும் எட்டுப் பேருக்கு ஒரு பொது மாலை கிடைப்பது குதிரைக்கொம்பு. மேல்வீட்டு ஒத்திகைகள் பெரும்பாலும் ஞாயிறு காலையில்தான். சின்னக் குழந்தை உள்ளவர்கள் இந்த இடத்தில்தான் விலகிப்போகிறார்கள், அதில் பெண்கள் அதிகமோ என்று எனக்குத் தோன்றும். ஜெர்மனியில் அரசு உதவியில் நடக்கும் ஆர்கெஸ்ட்ராக்கள் 1992-ல் 168 இருந்தன, இப்போது 130-க்குள். அதனால் இளையவர்கள் முதலில் நிரந்தர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பிறகு குழுவை யோசிக்கிறார்கள். அது புரிகிறது. ஆனால் அந்தப் 'பிறகு' பத்து வருடம் ஆகிவிடக் கூடாது. படிக்கும் காலத்தில் சேர்ந்து வாசித்த நண்பர்களில் இரண்டு பேரையாவது விடாமல் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஓய்வு. இங்கே ஆர்கெஸ்ட்ரா நாற்காலிக்கு வயது வரம்பு உண்டு, சேம்பர் குழுவுக்குக் கிடையாது. கார்ல் லைஸ்டர் 1959-லிருந்து 1993 வரை பெர்லின் பில்ஹார்மோனிக்கின் முதன்மைக் கிளாரினெட்காரர். நடுவிலேயே, 1983-ல், இரண்டு ஊர்க் கலைஞர்களும் சேர்ந்த வியன்னா–பெர்லின் ஊதுகருவிக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஆர்கெஸ்ட்ராவை விட்ட பிறகும் அவர் வருடக்கணக்கில் சேம்பர் இசை வாசித்தார், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மேல்வீட்டுப் பெண்மணிக்கும் இன்னும் சில வருடத்தில் ஓய்வு. ஆர்கெஸ்ட்ராவில் தன் இடத்துக்கு யார் வருவார் என்று அவர் இப்போதே பேசத் தொடங்கிவிட்டார். ஆக்டெட்டில் தன் இடத்தைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.