மூளை, நடத்தை அறிவியல் படிக்க இளநிலையில் எந்தப் பட்டம் எடுக்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாக எடுத்து எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். முக்கூடல் பக்கம் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறீர்கள். உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவு. அம்மா பீடி சுற்றுகிறார். மூளையையும் மனிதர்களின் நடத்தையையும் படிக்க ஆசை, ஆனால் நம் பக்கத்துக் கல்லூரிகளில் அந்தப் பெயரில் பட்டமே இல்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ் வழியில் படித்தது தடையாகுமா, பணத்துக்கு என்ன வழி என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஆராய்ச்சிக்குப் போவதென்றால் முதல் பட்டத்தின் பெயரில் ‘மூளை’ என்ற சொல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மனநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் வேலைக்குப் போவதென்றால், முதல் பட்டம் என்ன என்பது மிகவும் முக்கியம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு இடம் மாறிச் சேர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

நானும் உங்கள் பக்கம்தான், ஆலங்குளத்துக்கு அருகில் ஒரு கிராமம். நான் பிளஸ் ஒன் படித்தபோது ஆச்சிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஆச்சியால் சொல்ல முடிந்தது “அது, அது” என்ற ஒரே சொல்தான். தண்ணீர் வேண்டும் என்றாலும் “அது”, என்னைக் கூப்பிட வேண்டும் என்றாலும் “அது”.

ஒரு நாள் சாயங்காலம் தார்சாவில் அம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு, சுற்றிய பீடிகளை எண்ணிக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் கட்டுக்கு 25. பதினேழு வரை வாய்விட்டு எண்ணியபோது தெருவில் யாரோ கூப்பிட்டார்கள், அம்மா எழுந்து போனார். கட்டிலில் படுத்திருந்த ஆச்சி “பதினெட்டு, பத்தொன்பது, இருபது” என்று தொடர்ந்தார். தெளிவாக, அம்மா எண்ணும் அதே வேகத்தில். இருபத்தைந்து வந்ததும் நிறுத்திவிட்டார். நான் ஓடிப்போய் சுளகில் கிடந்த கத்தரியைத் தூக்கிக் காட்டி “இது என்ன ஆச்சி?” என்றேன். நாற்பது ஆண்டுகளாக இலை வெட்டிய கத்தரி. ஆச்சி அதைப் பார்த்தார், உதடு அசைந்தது, “அது” என்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

இருபத்தைந்து வரை எண்ணத் தெரிந்த வாய்க்குக் கத்தரி என்று சொல்ல ஏன் வரவில்லை? இந்தக் கேள்விதான் என்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது. பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களில் பலருக்கு எண்களின் வரிசை, கிழமைகளின் பெயர், மனப்பாடமான பாட்டு, ஜெபம் போன்றவை தப்பிப் பிழைக்கும் என்றும், ஒரு பொருளைப் பார்த்து அதன் பெயரைத் தேடி எடுத்துச் சொல்வது மூளைக்கு வேறு வகையான வேலை என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல்தான் மிஞ்சியிருந்தது, “டான்”. அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தபோது இடது முன்பகுதியில் சிதைவு இருந்தது. என் ஆச்சியின் “அது” பாடப்புத்தகத்தில் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போன காலத்தில், காது கேளாதோர் பள்ளிப் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில் கைகளால் பேசிக்கொள்வதைத் தினமும் பார்ப்பேன். இவர்களில் ஒருவருக்கு வயதான காலத்தில் ஆச்சிக்கு வந்த அதே அடைப்பு வந்தால் சைகை போகுமா, போகாதா? இதைக் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் உர்சுலா பெல்லூகியும் அவருடைய குழுவினரும் 1980களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மூளையின் இடது பக்கம் அடிபட்ட காது கேளாதோருக்குச் சைகை மொழி சிதைந்தது. வலது பக்கம் அடிபட்டவர்களுக்கு இடத்தையும் திசையையும் கணிப்பதில் சிரமம் இருந்தும் சைகை மொழி பெரும்பாலும் பிழைத்திருந்தது. மொழி வாயில் வந்தாலும் கையில் வந்தாலும் மூளை அதை மொழியாகவே நடத்துகிறது என்பதற்கு அது வலுவான சான்று. இந்த ஆய்வுக்கு மொழியியல் தெரிய வேண்டும், நரம்பியல் தெரிய வேண்டும், புள்ளியியல் தெரிய வேண்டும். இதை எந்த ஒற்றைப் பட்டத்துக்குள் அடக்குவது?

அதனால்தான் ஆராய்ச்சிப் பக்கம் பட்டத்தின் பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்கிறேன். மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். அமெரிக்காவின் எம்ஐடியில் பார்வையும் மூளையும் பற்றி ஆராயும் மிருகாங்க சுர், ஐஐடி கான்பூரில் மின் பொறியியல் படித்தவர். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் முதல் இயக்குநர் விஜயலட்சுமி ரவீந்திரநாத் உயிர்வேதியியல்காரர். நான் விலங்கியல்.

அமெரிக்காவில் பர்டூ போன்ற பல்கலைக்கழகங்களில் ‘மூளை மற்றும் நடத்தை அறிவியல்’ என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் இருக்கிறது. அங்கே இளநிலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட் (பாட அலகு) முடிக்க வேண்டும். நாம் அங்கே போகாவிட்டாலும் அத்தகைய பட்டங்களின் பாடத்திட்டத்தை இணையத்தில் எடுத்துப் பார்ப்பது நல்லது. அடிப்படை உளவியல், உயிரியல், வேதியியல், புள்ளியியல், ஆய்வு முறைகள், அதன் பிறகு நரம்பு மண்டலம், புலன் உணர்வு, நினைவு, கற்றல், கூடவே ஆய்வுக்கூட அனுபவம் என்றுதான் வரிசை போகும். உங்கள் கல்லூரியில் இவற்றில் எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்காததை மூன்று ஆண்டுகளில் நீங்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். விலங்கியல் எடுத்தால் உளவியலும் புள்ளியியலும் வெளியே இருந்து வர வேண்டும். உளவியல் எடுத்தால் நரம்பணு (நியூரான்) எப்படி மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை நீங்களே தேடிப் படிக்க வேண்டும். கணினி அறிவியல் எடுத்தால் உயிரியல் முழுவதுமே உங்கள் பொறுப்பு. மத்திய அரசின் என்பிடெல், ஸ்வயம் இணையதளங்களில் பாடங்கள் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம்.

புள்ளியியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்ததும் என் பள்ளியில் ஓர் ஆசிரியர், “உயிரியல் படிக்கிற பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?” என்று சொல்லித் தாவரவியல், விலங்கியல் பிரிவில் சேர்த்துவிட்டார். முதுநிலை முதல் பருவத்தில் அதன் விலையைக் கொடுத்தேன். நாங்கள் செய்யும் சோதனை ஒன்று இப்படி இருக்கும்: திரையில் ஒரு சொல் வரும், அது உண்மையான சொல்லா, பொய்யாகக் கட்டிய சொல்லா என்று பார்த்துப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரே ஆள் ஒரு முறை 480 மில்லி விநாடியில் அழுத்துவார், அடுத்த முறை 610 ஆகும். அடிக்கடி புழங்கும் சொல்லுக்கும் அரிய சொல்லுக்கும் இடையே சராசரியில் ஐம்பது, அறுபது மில்லி விநாடி வித்தியாசம் வந்தால், அது மூளையின் வேலையா, வெறும் தற்செயலா? கணக்கு தெரியாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. நான் இருபத்தொரு வயதில், விடுதி விளக்கு அணைந்த பிறகும் விழித்திருந்து நிகழ்தகவு படித்தேன். உங்களிடம் கணிதம் இருக்கிறது. தயவு செய்து விட்டுவிடாதீர்கள். எந்தப் பட்டத்தில் சேர்ந்தாலும் துணைப் பாடமாகக் கணிதமோ புள்ளியியலோ கிடைத்தால் அதை எடுங்கள். பைத்தான் அல்லது ஆர் என்ற கணினி மொழிகள் இரண்டில் ஒன்றைக் கல்லூரியில் இருக்கும்போதே பழகுங்கள்.

எங்கே சேர்வது? பிளஸ் டூ முடிக்கும் ஆண்டிலேயே ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான ஐஏடி நுழைவுத் தேர்வை எழுதிப் பாருங்கள். இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து ஆண்டு ஒருங்கிணைந்த படிப்பு. திருவனந்தபுரம் ஐசர் விதுராவில் இருக்கிறது, நம் பொதிகை மலைக்கு மேற்கே. கிடைக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் விலங்கியலோ வேதியியலோ கணிதமோ படித்துவிட்டு முதுநிலையில் திரும்பலாம். ஐஐடி காந்திநகரிலும் அலகாபாத் பல்கலைக்கழகத்திலும் அறிதல் அறிவியல் (மனமும் மூளையும் வேலை செய்யும் விதத்தைப் படிக்கும் காக்னிட்டிவ் சயின்ஸ்) முதுநிலைக்கு எந்தத் துறையில் இளநிலை முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. நேர்காணலில் என்னிடம் “விலங்கியல் படித்தவர் இங்கே ஏன் வருகிறீர்கள்?” என்று கேட்டார்கள். ஆச்சி எண்ணியதைச் சொன்னேன். அதற்குப் பிறகு இருபது நிமிடம் அதைப் பற்றியே பேசினோம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பறிவியல் மையம், மானேசர் மையம், பெங்களூரு மனநல, நரம்பறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் ஆகியவை அடுத்த கட்டத்துக்கான இடங்கள். ஒவ்வொன்றின் தகுதி விதியையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள், யாரோ சொன்னதை நம்பாதீர்கள்.

இனிச் சிகிச்சைப் பக்கம். மனநல மருத்துவர் ஆக வேண்டும் என்றால் நீட் எழுதி எம்.பி.பி.எஸ்., பிறகு எம்.டி. மனநல மருத்துவம். வேறு குறுக்கு வழி இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருப்பதால் நீங்கள் முயல்வது வீண் இல்லை. மருத்துவ உளவியலாளர் ஆக இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற படிப்பும் பதிவும் கட்டாயம். இதுவரை உளவியலில் முதுநிலை முடித்து இரண்டு ஆண்டு எம்.ஃபில். படிப்பதே வழியாக இருந்தது. அந்த எம்.ஃபில். சேர்க்கைக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025–26 கல்வியாண்டு வரைதான் அனுமதி தந்தது. அதற்குப் பதிலாக நான்கு ஆண்டு மருத்துவ உளவியல் இளநிலை, அதன் மேல் முதுநிலை, முனைவர் நிலை என்று கவுன்சில் புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. எனவே இந்த வழியில் போவதானால் விலங்கியலில் சேர்ந்துவிட்டு ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருக்காதீர்கள். சேரும் கல்லூரியின் பெயர் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே சரிபாருங்கள்.

நம் ஊரில் பலர் அஞ்சல் வழியில் உளவியல் முடித்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்வார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி உத்தரவிட்டிருக்கிறது. யாராவது தரகர் வந்து சேர்த்துவிடுகிறேன் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பலருக்குக் கண்ணில் படாத இன்னொரு பட்டம் பேச்சு மற்றும் செவித்திறன் படிப்பு. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்பு நிறுவனம் இதற்குப் பேர்போனது. மூளை பாதித்துப் பேச்சிழந்தவர்களுக்குப் பேச்சை மீட்டுத் தருவது இவர்கள் வேலை. ஆச்சிக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. அப்படி ஒரு தொழில் இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. முக்கூடல், கடையம் பக்கம் இன்றும் பல வீடுகளில் அந்த நிலைதான் என்று நினைக்கிறேன். மூளையையும் படிக்க வேண்டும், மனிதர்களோடும் இருக்க வேண்டும் என்றால் இதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன்.

பணத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையை இப்போதே தேடி எடுத்து வையுங்கள், என் வீட்டில் அது அரிசிப் பானைக்கு அடியில் கிடந்து கடைசி நாளில்தான் கிடைத்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்திருந்தால் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். ஐஐடி, இந்திய அறிவியல் கழகம், எய்ம்ஸ் போன்றவற்றில் இடம் கிடைக்கும் அரசுப் பள்ளி மாணவர்களின் இளநிலைச் செலவை ஏற்பதாக 2022 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

தமிழ் வழி தடையா என்றால், முதல் ஆறு மாதம் கஷ்டம்தான். ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ், கீழே நான் கண்ணால் பார்த்த ஓர் உதாரணம் என்று எழுதி வந்தேன். பேச்சிழப்பு என்ற சொல்லுக்கு எதிரே ஆச்சியின் பெயர் இருக்கிறது. அந்த நோட்டு இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. அதன் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்ப முடியும், வேண்டுமானால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.