மாசி முதல் ஆனி வரை: ஊர் ஊராய்ப் போகும் இசைக் கலைஞர்களின் கேள்விகளும் பதில்களும்

மாசி பிறந்தால் காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் திருவிழா, பின்னாலேயே குன்றக்குடி பங்குனி உத்திரம், அடுத்து வைகாசி, ஆனி முகூர்த்தங்கள். செட்டிநாட்டுப் பக்கம் வாசிக்கவும் பாடவும் வருகிறவர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் சில இங்கே.

இரவு சாமி வீதியுலா முடிய 1 மணி ஆகிவிடுகிறது. விடிந்தால் வேறு ஊரில் 4.30-6 முகூர்த்தம். இடையில் தூங்கலாமா, விழித்தே இருந்துவிடலாமா? – தவில் கலைஞர், தேவகோட்டை

தூங்குங்கள், ஆனால் கணக்காகத் தூங்குங்கள். ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். அவ்வளவு நேரம் கிடைத்தால் முழுதாகத் தூங்கலாம். கிடைக்காவிட்டால் 20 நிமிடத்தோடு எழுந்துவிட வேண்டும். 40, 50 நிமிடத்தில் எழுப்பினால் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவில் எழுப்பியது போலாகும்; கெட்டிமேளத்துக்குக் கை தயாராக இருக்காது. குட்டித் தூக்கத்துக்குச் சற்று முன் காபி குடித்தால், எழும் நேரத்துக்கு அது வேலை செய்யத் தொடங்கும். முகூர்த்தம் முடிந்தபின் காபி வேண்டாம். அடுத்துத் தூங்கப்போகும் பகல் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

முக்கியமான தூக்கம் முதல்நாள் மதியமே முடிந்திருக்க வேண்டும். 2 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தால் அந்த இரவைத் தாங்கலாம்.

இன்னொன்று, இதில் சமரசமே கூடாது: வாசித்தவர் வண்டி ஓட்டக் கூடாது. விடியற்காலை 2 முதல் 5 வரை உடம்பு தூங்கவே பார்க்கும். ஜன்னலைத் திறந்து வைப்பதும் பாட்டுப் போடுவதும் அதைத் தடுக்காது. பகலில் தூங்கிய ஓட்டுநர் ஒருவரைத் தனியாக வையுங்கள். அவர் சம்பளத்தை மேளத் தொகை பேசும்போதே சேர்த்துப் பேசிவிடுங்கள்.

தொடர்ந்து மூன்று நாள் பாடினால் நான்காம் நாள் தொண்டை கட்டிவிடுகிறது. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் பார்த்தாகிவிட்டது. – மெல்லிசைப் பாடகி, காரைக்குடி

நாம் விழுங்குவது எதுவும் குரல்நாண் மேல் படுவதில்லை. உணவுக்குழாய் வழியாகப் போய்விடும். சித்தரத்தை தொண்டைக்கு இதம் தரலாம், வீங்கிய நாணை வற்ற வைக்காது. நாணை நேரே தொடுவது ஆவிதான். வெறும் வெந்நீர் ஆவி, 5 முதல் 10 நிமிடம், காலையிலும் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பும். தைலம் போடாதீர்கள், அது நாணை எரிச்சலூட்டும்.

அடுத்தது ஸ்டிரா (உறிஞ்சு குழல்) பயிற்சி. ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் எடுத்து, ஸ்டிராவின் நுனி இரண்டு விரற்கடை மட்டும் மூழ்கும்படி பிடியுங்கள். அதன் வழியே 'ஊ' என்று குரல் கொடுத்து, குமிழி சீராக வரும்படி கீழ் சட்ஜமத்திலிருந்து பஞ்சமம் வரை மெதுவாக ஏறி இறங்குங்கள். 3 நிமிடம் போதும். வாயின் உள்ளே உண்டாகும் எதிர் அழுத்தம், நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் பார்த்துக்கொள்ளும். பாடுவதற்கு முன்பும், பாடி முடித்த பின்பும் செய்யுங்கள். முடித்தபின் செய்வதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

உங்களுக்குப் பெரும்பாலும் குரலைக் கெடுப்பது சாப்பாட்டு நேரமாக இருக்கலாம். கச்சேரி முடிந்து 11 மணிக்குக் கோலா உருண்டையும் உப்புக்கறியுமாகச் சாப்பிட்டு, 11.30க்கு வேனில் சாய்ந்தால் வயிற்று அமிலம் தொண்டை வரை ஏறும். காலையில் கனைப்பும் கரகரப்பும் அதனால்தான். முழுச் சாப்பாட்டைக் கச்சேரிக்கு 3 மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். முடிந்தபின் இரண்டு இடியாப்பமும் பாலும் போதும். விருந்து வைப்பவர்கள் மனம் நோகும் என்றால் பலகாரத்தை வாங்கி மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

குரல் கட்டிய நாளில் கிசுகிசுப்பாகப் பேசாதீர்கள், பேசாமலே இருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு பாடுவது ஆபத்து. ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் நாணில் ரத்தக் கசிவுக்கு வழி செய்யும். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஏ.சி. வேனில் வந்து இறங்கி வாசித்தால் சீவாளி (நாகசுரத்தில் வைத்து ஊதும் நாணல்) பேசமாட்டேன் என்கிறது. – நாகசுரக் கலைஞர், திருப்பத்தூர்

ஏ.சி. காற்று நாணலை உலர்த்திவிடுகிறது. உலர்ந்த சீவாளியில் உடனே முழு மூச்சைக் கொடுத்தால் ஓரம் கீறிவிடும். இறங்கியதும் 5 நிமிடம் வாயில் வைத்து நனைத்து, கருவியில் பொருத்தாமல் சீவாளியை மட்டும் மெல்ல ஊதிப் பாருங்கள். பிறகு மல்லாரிக்கு (சாமி புறப்பாட்டில் வாசிப்பது) போகலாம். வாசித்து முடித்ததும் எச்சிலைத் துடைத்து நிழலில் ஆறவிட்டு, காற்றுத் துளை உள்ள டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் ஈரத்தோடு போட்டால் பூஞ்சை பிடிக்கும். அதை மறுநாள் வாயில் வைப்பது நெஞ்சுக்குக் கேடு. புதுச் சீவாளியைத் திருவிழா அன்று எடுக்காதீர்கள். ஒரு வாரம் தினமும் 10 நிமிடம் ஊதிப் பழக்கிய பிறகே வீதிக்குக் கொண்டு போக வேண்டும்.

பத்து நாள் திருவிழாவில் மூன்றாம் நாளே கை தானாக ஓடுகிறது. அதே பிடிகள் (ராகத்தின் சிறு சுரத் தொடர்கள்), அதே சுரங்கள். சாதகம் (பயிற்சி) செய்ய லாட்ஜில் வழியில்லை. கற்பனை வற்றிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. – இளம் நாகசுரக் கலைஞர், காரைக்குடி

வற்றவில்லை. களைத்த கை பழகிய தடத்தில்தான் ஓடும். எல்லாக் கலைஞருக்கும் உள்ளதுதான். அந்தத் தடத்தில் ஒரு கல்லைப் போட்டால் கை நின்று யோசிக்கும். ஒவ்வோர் இரவுக்கும் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். இன்று காம்போதி ராகம் என்றால், முதல் மூன்று நிமிடம் மேல் சட்ஜமத்தைத் தொடுவதில்லை. நாளை தைவதத்தில்தான் நியாசம் (பிடி வந்து நின்று ஓயும் இடம்). மறுநாள் ஒரு பிடியை வாசித்தால் அதே அளவு மௌனம் விட்ட பிறகே அடுத்த பிடி. ஒரே இரவில் இரண்டு கட்டுப்பாடு வேண்டாம், குழம்பிவிடும்.

சாதகத்துக்குக் கருவி தேவையில்லை. நாகசுரம் வாசிப்பவர் வாயால் பாடித்தான் ராகம் வளர வேண்டும். லாட்ஜ் அறையில் தாழ்ந்த குரலில், கைபேசியில் சுருதி வைத்து இரண்டு நிமிடம் பாடிப் பதிவு செய்யுங்கள். மறுநாள் வேனில் அதைக் கேட்டு, பிடித்த ஒரே ஒரு பிடியை மட்டும் சுரமாக எழுதி வையுங்கள். பத்து நாளில் பத்துப் பிடி சேரும். இது சின்ன விஷயமில்லை, ஒரு ராகத்துக்குப் புது முகம் கொடுக்கப் போதும்.

லயத்துக்கு, குன்றக்குடி முருகன் மேல் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ் இருக்கிறது. அந்தச் சந்தத்தைப் பொருளை மறந்து, தத்தகாரமாக ('தத்த தன' என்று) சொல்லிக்கொண்டு தொடையில் தாளம் போடுங்கள். அது எந்த நடையில் விழுகிறது என்று கண்டுபிடித்து, அதே நடையில் சுரம் கோத்துப் பாருங்கள். வேன் பயணம் போவதே தெரியாது.

செட்டிநாட்டு வீடுகளும் கற்றுத் தரும். சுண்ணாம்பை வழுவழுவென்று இழைத்த சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, தேக்குத் தூண்: வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றிய கூடம்) ஒலி உடனே அடங்காது. வேகமான பிருகா (சுரங்களை உருட்டி வாசிப்பது) அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலங்கிவிடும். நீண்ட கார்வை (ஒரே சுரத்தில் நிற்பது) கொடுத்தால் அறையே கூடப் பாடும். வளவில் உட்காரும் நாளில் முற்றத்து ஓரமாக அமருங்கள். அதிகப்படி ஒலி வானத்துக்குப் போய்விடும். காலுக்கடியில் கனமான ஜமுக்காளம் இருக்கட்டும். பிறகு வேகத்தைக் குறைத்து விளம்பத்தில் வாசித்துப் பாருங்கள். நீங்கள் தேடுகிற புதுமை அங்கேயே கிடைக்கலாம்.

கச்சேரி முடிந்தபின் காதில் 'கிய்ங்' என்று கேட்கிறது. – கீபோர்டு கலைஞர், புதுவயல்

அது எச்சரிக்கை. 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மெல்லிசை மேடையில் மானிட்டர் ஸ்பீக்கருக்கு முன்னால் அந்தக் கணக்கு மூன்றாவது பாட்டிலேயே முடிந்துவிடும். ஸ்பீக்கரை இரண்டடி தள்ளி, காதுக்கு நேராக இல்லாமல் வையுங்கள். மலிவான பஞ்சு அடைப்பான் மேல் ஒலிகளையே அதிகம் விழுங்கும், சுருதி மங்கும். இசைக் கலைஞர்களுக்கென்று வரும் வடிகட்டி வைத்த அடைப்பான் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 டெசிபல் போலக் குறைக்கும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் மீட்பது கடினம்.

சித்திரை வெயிலில் வேனில் வைத்த வீணையின் மேளம் (மெட்டுகளின் அமைப்பு) நகர்ந்துவிட்டது. – வீணை மாணவி, கானாடுகாத்தான்

மெட்டுகள் (தந்திக்கு அடியில் வரிசையாக உள்ள உலோகக் கட்டைகள்) 24ம் மெழுகில் உட்கார்ந்திருப்பவை. மூடிய வண்டிக்குள் வெயில் ஏறினால் மெழுகு இளகி, தந்தி அழுத்தத்தில் மெட்டு சாயும். உடனே சுருதி சேர்க்காதீர்கள். தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். மெழுகு இறுகும் வரை மெட்டில் விரலை அழுத்த வேண்டாம். ஒன்றிரண்டு மெட்டு மட்டும் பேசவில்லை என்றால் அந்தக் கச்சேரிக்கு அவற்றைத் தவிர்க்கும் ராகமாக எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் கலைந்திருந்தால் மேளம் கட்டத் தெரிந்தவரிடமே கொடுங்கள். சாப்பிட நிறுத்தும்போது, வீணையையும் கூடவே எடுத்துப் போய் நிழலில் வையுங்கள்.

பகல் வீதியுலாவில் தலை சுற்றுகிறது. மோர் போதுமா? – ஒத்து (நாகசுரத்துக்குச் சுருதி கொடுக்கும் கருவி) வாசிப்பவர், பள்ளத்தூர்

உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. வியர்வை நிறையப் போனால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தட்டையாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்பு கூடினால் கேடு, அளந்தே போடுங்கள். சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவர் சொன்ன அளவுதான். வெயிலில் பேச்சு குழறினால், வியர்ப்பது நின்றாலும் நிற்காவிட்டாலும், அதை வெப்பத் தாக்கு என்றே கொள்ளுங்கள். கருவியைக் கீழே வைத்துவிட்டு நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழைக்கும்படி கூட வாசிப்பவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள்.