தோட்டத்து ஷெட்: எடை போட்டு வாங்குங்கள்

8×6 அடி ஷெட் போட, 16 கேஜ் என்று சொல்லி ஒன்றரை இன்ச் சதுர பைப் பத்து தந்தார்கள். வெல்டர் 18 கேஜ் என்கிறார். பில்லில் "பைப் 10" என்று மட்டும் இருக்கிறது.
– வாசகி, அஸ்தம்பட்டி

வெட்டாமல் வையுங்கள். ஒரு முழு பைப்பைத் தராசில் ஏற்றுங்கள். பழைய இரும்புக் கடைத் தராசே போதும். 20 அடி நீளத்துக்கு 16 கேஜ் (1.6 மி.மீ.) என்றால் சுமார் 11 கிலோ வர வேண்டும். 18 கேஜ் (1.2 மி.மீ.) எட்டேகால் கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். அப்படி நின்றால், பத்துப் பைப்பில் சுமார் 27 கிலோ இரும்பு உங்களுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

இந்தக் "கேஜ்" என்ற வாய்ச்சொல்லை நம்பி நானும் பணம் இழந்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். கேஜ் எண் கூடினால் தகடு மெலியும். பலருக்கு இது தெரியாது. மி.மீ., நீளம், மொத்த எடை மூன்றும் பில்லில் எழுதாத கடையில் இரும்பு வாங்காதீர்கள். கலர் ஷீட்டிலும் இதே கதைதான். "0.50" என்பது பெயின்ட், துத்தநாகப் பூச்சு எல்லாம் சேர்ந்த கனமா, வெறும் இரும்பின் கனமா என்று கேளுங்கள். மைக்ரோமீட்டர் வைத்து அளக்கும்போது வெட்டிய ஓரத்தின் பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு அளக்க வேண்டும். பிசிறோடு அளந்தால் கனம் கூடுதலாகக் காட்டும்.

எடைச் சீட்டோடு கடைக்குப் போங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம்.

மழையே இல்லை, விடியற்காலையில் ஷீட்டிலிருந்து சொட்டுகிறது. ஷீட் ஓட்டையா?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

ஓட்டை இல்லை. மண் தரையிலிருந்து எழும் ஈரம், இரவில் குளிர்ந்த ஷீட்டின் அடியில் பட்டு நீராகிறது. தரையில் தடித்த பாலித்தீன் விரித்து, மேலே காங்கிரீட் போடுங்கள். எதிரெதிர்ச் சுவர்களின் உச்சியில் வலை வைத்த காற்றுவழி விடுங்கள். உர மூட்டைகளைப் பலகை மேல், தகட்டில் உரசாமல் அடுக்குங்கள்; ஈரம் இழுத்த உரம் இரும்பை அரித்துவிடும்.

மழை நாளிலும் சொட்டினால் ஸ்க்ரூவைப் பாருங்கள். ரப்பர் வாஷர் தலைக்கு வெளியே பிதுங்கியிருந்தால் அளவுக்கு மீறி முடுக்கியிருக்கிறார்கள். அது விரைவில் வெடித்துவிடும், மாற்றுங்கள்.

எஸ்டேட்டில் சில்வர் ஓக் மலிவாகக் கிடைக்கிறது. காலாக மண்ணில் நடலாமா?
– வாசகர், ஏற்காடு

கூடாது. கரையானுக்குப் போய்விடும்.

ஆன்லைனில் ரெடிமேட் ஷெட் வாங்கினேன். கதவு உயரம் 5 அடிதான், குனிந்து போக வேண்டியிருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், ஓமலூர்

அளவு விற்பனைப் பக்கத்திலேயே போட்டிருக்கும். நீங்கள் படம் மட்டும் பார்த்திருக்கிறீர்கள். புகாருக்கு இடமில்லை. திருப்பி எடுக்கும் கெடு தாண்டவில்லை என்றால், பிரித்து மாட்டாமல் இன்றே அனுப்புங்கள்.

ஷெட் போட்டவர் முழுப் பணமும் முன்பே வாங்கிக்கொண்டு, நான்கு காலையும் வெறும் மண்ணில் நட்டுவிட்டுப் போனார். கோடைக் காற்றில் ஷெட் சாய்ந்துவிட்டது. போனை எடுப்பதில்லை. ஓய்வூதியப் பணம் ஐயா.
– வாசகர், கொண்டலாம்பட்டி

உங்கள் மேல் தவறில்லை, ஐயா. ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யாதவர்தான் பதில் சொல்ல வேண்டும். எதையும் தொடுவதற்கு முன் நான்கு காலின் அடியையும் தோண்டி, டேப் வைத்துப் படம் எடுங்கள். பணம் அனுப்பிய ரசீது, பேசிய செய்திகள் எல்லாவற்றையும் பிரின்ட் எடுங்கள். 15 நாள் கெடு கொடுத்து ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஷெட்டைக் காப்பாற்றிவிடலாம். கூரைக்கு முட்டுக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு கால் மட்டும் எடுங்கள். ஒரு அடி சதுரம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி. சிமென்ட், மணல், முக்கால் இன்ச் ஜல்லி 1:2:4 கலவை. நான்கு குழிக்கு ஒரு மூட்டை சிமென்ட் சற்றே பற்றாது, இரண்டு வாங்குங்கள். காங்கிரீட் தரைக்கு மேல் இரண்டு இன்ச் எழும்பி, பைப்பிலிருந்து வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் அந்த இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். ஏழு நாள் நனைத்த சாக்குச் சுற்றி வையுங்கள். அதற்குப் பிறகே கூரைக்குக் கொடுத்த முட்டுகளை எடுக்க வேண்டும்.