இடதுகைக்காரருக்கு டாவோர் எக்ஸ்95 ரைஃபிள் சரிப்படுமா?

வாங்கலாம், ஆனால் கடையில் வலதுகைக்காரருக்கென்று வைத்திருப்பதை அப்படியே எடுத்து இடது தோளில் வைக்காதீர்கள். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டபோது காலித் தோட்டா உறை கன்னத்தில் அடித்ததாகச் சொன்னீர்களே, அது பழுதில்லை. இது புல்பப் வகை, அதாவது போல்ட் (தோட்டாவை ஏற்றி, காலி உறையை வெளியே இழுக்கும் பாகம்), மேகசின் (தோட்டாப் பெட்டி) எல்லாம் டிரிகருக்குப் பின்னால், முகத்தை ஒட்டியே இருக்கும், உறை வலப்பக்கமாக வெளியேறும், உங்கள் கன்னமும் அங்கேதான்.

எக்ஸ்95-க்கு இடதுகை போல்ட் தனியாக வாங்கி மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இதே வகையான ஸ்பிரிங்ஃபீல்டு ஹெலியனில் உறை வெளியேறும் பக்கத்தை நீங்களே மாற்றிக்கொள்ளலாம், கெல்-டெக் ஆர்டிபி உறையைக் கீழ்நோக்கியே தள்ளிவிடும். நானாக இருந்தால் ஆர்டிபியைத்தான் முதலில் பார்ப்பேன்.

கடையில் சேம்பர் (தோட்டா நிற்கும் அறை) காலி என்று உறுதிசெய்துகொண்டு, இடது தோளில் வைத்து, கண்ணை மூடியபடி மேகசினைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், கை தடுமாறினால் உடனே தெரிந்துவிடும். அப்புறம் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு டிரிகரை அழுத்திப் பாருங்கள். டிரிகரிலிருந்து பின்னால்வரை நீளக் கம்பி போவதால் கொஞ்சம் குழைவாகத்தான் இருக்கும். சைலன்சர் மாட்டும் எண்ணம் இருந்தால் முகத்துக்கு வரும் புகை இன்னும் கூடும்.

ஒன்று மட்டும்: எக்ஸ்95-இன் நீளம் சுமார் 26 அங்குலம். கலிஃபோர்னியாவில் இந்த வகை ரைஃபிள் 30 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அதனால் எந்த மாநிலம் என்று சொல்லாமல் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.