வேலிக் களா: பழத்தைச் சாப்பிடலாம், வேரைக் காய்ச்சக் கூடாது

கேள்வி: எங்கள் தோட்டத்து வேலியில் களாச்செடிகள் தானாக முளைத்து அடர்ந்து கிடக்கின்றன. பழம் தின்றால் இரத்தம் ஊறும், காய் சர்க்கரையைக் குறைக்கும், வேரைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்கிறார்கள். எதை நம்பலாம்? காயாகப் பறிப்பதா, பழுக்க விடுவதா? நல்ல செடியைப் பெருக்க முடியுமா?

பதில்: ஐயா, முதலில் வேரைக் காய்ச்சும் யோசனையை விட்டுவிடுங்கள். களா அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேரில் இதயத் துடிப்பைப் பாதிக்கும் பொருட்கள் உண்டு. வீட்டில் வைக்கும் கஷாயத்தில் அவை எவ்வளவு இறங்கும் என்று உங்களால் அளக்க முடியாது. நாட்டு மருத்துவத்தில் இந்த வேருக்கு இடம் உண்டுதான். அதைத் தேர்ந்த வைத்தியர் பார்த்துக்கொள்ளட்டும்.

பழத்தை அஞ்சாமல் சாப்பிடலாம். கறுத்துக் கனிந்த களாப்பழத்தில் வைட்டமின் சி, இரும்புச்சத்து இரண்டும் இருக்கின்றன. அந்தக் கருஞ்சிவப்பு நிறத்தைத் தருவது ஆந்தோசயனின். நாவல் பழத்துக்கும் அதுதான் நிறம். ஆனால் இரும்புச்சத்து பற்றிப் பேசும்போது பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. உலர்ந்த பழத்தில் கண்ட இரும்பின் அளவை உலராத பழத்துக்கும் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். உலராத பழத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதனால் இரத்தசோகை உள்ளவர் களாவை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. கீரை, பயறு சேர்ந்த சாப்பாட்டோடு பழத்தையும் சாப்பிட்டால் பலன் கூடும். அந்த உணவிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்த உதவி குறைந்துபோகும்.

சர்க்கரை விஷயத்தில், காயின் சாரத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் இரத்தச் சர்க்கரை குறைந்திருக்கிறது. எலிக்குக் கொடுத்த சாரமும் நாம் போடும் ஊறுகாயும் ஒன்றல்ல. ஊறுகாயின் உப்பையும், பாகில் ஊறிய களாவின் சர்க்கரையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எப்போது பறிப்பது என்பது நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பச்சைக் காயில் புளிப்பும், ஜெல்லியை இறுகவைக்கும் பெக்டினும் அதிகம். ஊறுகாய்க்கும் ஜெல்லிக்கும் அதுவே ஏற்றது. ஜெல்லி தானாகவே இறுகும். நறுக்கும்போது கத்தியில் பிசின் போலப் பால் ஒட்டும். கழுவி உப்பு நீரில் ஊறவைத்தால் பாலும் துவர்ப்பும் குறையும். அப்படியே தின்னவோ சாறு பிழியவோ வேண்டுமானால் நன்றாகக் கறுக்கட்டும். ஒரே செடியில் காய்கள் ஒன்றாகப் பழுக்காது, நாலைந்து முறை பறிக்க வேண்டியிருக்கும். காய் ஒரு வாரம் தாங்கும். பழம் இரண்டு மூன்று நாளில் குழைந்துவிடும். முள் கொடியது, முழுக்கைச் சட்டையும் தடித்த கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். பால் கண்ணில் படக் கூடாது.

பெருக்குவதற்கு விதையே எளிய வழி. பழத்திலிருந்து எடுத்த உடனே விதைத்துவிடுங்கள், நாளானால் முளைப்புத் திறன் போய்விடும். வேலிக்கு இரண்டு மூன்று அடி இடைவெளி போதும். வறட்சியைத் தாங்கும் செடிதான், தண்ணீர் தேங்கினால் தாங்காது. ஆனால் விதைக்கன்று தாயைப் போலவே காய்க்கும் என்ற உறுதி கிடையாது. பெரிய, சதைப்பற்றுள்ள காயை அதே குணத்தோடு பெற, மழைக்காலத்தில் விண்பதியம் போடுங்கள், அதாவது கிளையைத் தாய்ச்செடியில் இருக்கும்போதே வேர்விடச் செய்யுங்கள். வெட்டிய கிளைத்துண்டை (போத்து) நட்டால் எளிதில் வேர் பிடிக்காது. எந்தச் செடி நல்லது என்று காய் இருக்கும்போதே தின்று பார்த்துத் துணி கட்டி வையுங்கள். காய் உதிர்ந்த பிறகு எல்லாப் புதரும் ஒன்று போலத்தான் தெரியும்.