சேவைச் சங்கத் தலைவராக முதல்முறை பொறுப்பேற்கிறேன். ஆண்டைச் சிறப்பாகத் தொடங்க என்ன செய்யலாம்?

மூன்று வாரத்தில் பதவியேற்பு விழா, ஆண்டுக்கான முழக்கமும் முத்திரைத் திட்டமும் இன்னும் முடிவாகவில்லை, ஏற்புரையில் என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன் பதில் எழுதிய எல்லாரும் முழக்கத்துக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். நான் வேறொன்று கேட்கிறேன். இப்போது பதவியில் இருக்கும் தலைவரும் நீங்களும் பேசிக்கொள்கிறீர்களா?

இல்லை என்றுதான் தோன்றுகிறது. பேசிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியை அவரிடமே கேட்டிருப்பீர்கள், முகம் தெரியாத எங்களிடம் வந்திருக்க மாட்டீர்கள். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் அப்படி இருந்தவள்தான்.

எந்த இயக்கம், எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் நலமாக இருக்கிறார்கள், இந்தத் தளத்தையும் படிக்கிறார்கள். நான்கு ஆண்டு பொருளாளராக இருந்துவிட்டுத் தலைவரானேன். எங்கள் சங்கத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். இதில் பெருமை என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1987 வரை அரிமா (லயன்ஸ்) சங்கங்களில் பெண்கள் உறுப்பினராகவே முடியாது. ரோட்டரியில் அந்த விதியை நீக்க 1989 ஆயிற்று, அதுவும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை ஒரு வழக்கு போன பிறகு. ரோட்டரியின் உலகத் தலைவர் பதவிக்கு ஒரு பெண், கனடாவின் ஜெனிபர் ஜோன்ஸ், வந்தது 2022-இல். ஆகவே எனக்கு அந்தப் பதவி சின்ன விஷயம் இல்லை. என் வீம்பும் அங்கிருந்துதான் வந்தது.

எனக்கு முன்னால் இருந்தவர் நல்ல நிர்வாகி. அவரிடம் போய் 'இதை எப்படிச் செய்தீர்கள், அது எங்கே இருக்கிறது' என்று கேட்டால், 'பார், ஒன்றும் தெரியாமல்தான் வந்திருக்கிறார்' என்று பேசுவார்களோ என்ற நினைப்பு. கேட்காமலே செய்து காட்டுகிறேன் என்று இருந்துவிட்டேன். கணக்குப் புத்தகம் ஏற்கெனவே என் கையில் இருந்ததால் சங்கமே என் கையில் இருப்பதாகவும் நினைத்துக்கொண்டேன். ஜூன் மாதம் முழுவதும் அழைப்பிதழுக்கு எந்த நிறம், மேடையில் யாருக்கு அடுத்து யார், பதக்கச் சங்கிலியை யார் அணிவிப்பது, இதிலேயே போயிற்று. ஜூலை முதல் தேதி சங்க மணியை அடித்துக் கூட்டத்தைத் தொடங்கினேன். ஐந்நூறு மரக்கன்று நடுவதுதான் என் முத்திரைத் திட்டம்.

மரம் நடுவதை நான் குறைசொல்லவில்லை. கருத்துரையில் வந்து சுற்றுச்சூழல் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் கன்று நட்ட படம் எல்லாச் சங்கத்திடமும் இருக்கிறது. தண்ணீர் ஊற்றிய படம் யாரிடமாவது இருந்தால் காட்டுங்கள்.

அக்டோபரில் ஒரு பள்ளி மைதானத்தில் நூற்றைம்பது கன்று நட்டோம். ஒலிபெருக்கியில் சங்கத்தின் பெயரை நான்கைந்து முறையாவது சொல்லியிருப்பார்கள். விழா முடிந்து கிளம்பும் நேரத்தில் ஒரு பெரியவர் சுவரைத் தடவிக்கொண்டே வந்து நின்றார். "மைக்கில் பேர் கேட்டது. கண் முகாம் போட்ட சங்கம் இதுதானே அம்மா?" என்றார். ஆமாம் என்றேன். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். எங்கள் முத்திரை, மே மாதத் தேதி, எனக்கு முந்தைய தலைவரின் பெயர். சீட்டுக்குள் இரத்தப் பரிசோதனை முடிவுகள் மூன்று.

"சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வா, ஜூலையில் கூப்பிடுகிறோம் என்றார்கள். குறைத்துவிட்டேன் அம்மா. யாரும் கூப்பிடவில்லை."

இந்த முகாம்கள் நடக்கும் முறை தெரியாதவர்களுக்கு: முகாமில் கண்ணைப் பார்த்துக் கண்புரை உள்ளவர்களைப் பிரித்தெடுப்பார்கள். பெரும்பாலானவர்களை அன்றைக்கோ மறுநாளோ மருத்துவமனைக்கு அழைத்துப் போய் அறுவைச் சிகிச்சை செய்துவிடுவார்கள். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ கூடுதலாக இருப்பவர்களை மட்டும், குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் பெயரைத் தனியாக எழுதிவைத்து, பின்னர் கூப்பிடுவது சங்கத்தின் வேலை. எங்களிடம் அப்படிப் பதினொரு பெயர் இருந்திருக்கிறது. மே மாதம் முகாம், ஜூன் கடைசியில் நிர்வாகமே மாறுகிறது. பழைய செயலாளர் நோட்டைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வேலை மாற்றலாகி வேறு ஊர் போய்விட்டார். புதிய செயலாளருக்கு அப்படி ஒரு நோட்டு இருப்பதே தெரியாது. எனக்கும்தான்.

அன்றிரவே முன்னாள் தலைவரைத் தொலைபேசியில் பிடித்தேன். குரலை உயர்த்தித்தான் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. அவர் உயர்த்தவில்லை.

"நீங்கள் கேட்கவே இல்லையே மேடம். ஜூனில் இரண்டு முறை கூப்பிட்டேன். விழா வேலையாக இருக்கிறேன், அப்புறம் பேசலாம் என்றீர்கள்."

சொன்னேன். அதில் ஒரு முறை நான் அச்சகத்தில் நின்றுகொண்டிருந்தேன், எந்த அட்டை பளபளப்பாக இருக்கும் என்று விரலால் தடவிப் பார்த்தபடி.

அவர் மேல் தவறே இல்லை என்று சொல்ல வரவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டிருக்கலாம், எழுதி அனுப்பியிருக்கலாம். கேட்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று அவருக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்திருக்கிறது. விழா மேடையில் அவருக்கு நன்றி சொன்னபோது அவர் பெயரின் முதலெழுத்தை நான் மாற்றிச் சொல்லிவிட்டேனாம். பிற்பாடு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு பேருடைய முறைப்புக்கு நடுவில் பதினொரு பேர் நான்கு மாதம் மங்கலான பார்வையோடு காத்திருந்தார்கள். புரை முற்ற முற்ற அறுவைச் சிகிச்சை சிக்கலாகிறது. சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, உள்ள பார்வைக்கே ஆபத்து வரும். இதைக் கண் மருத்துவர் எனக்கு விளக்கியபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் ஏற்புரையில், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத எழுத்தாளர் ஹெலன் கெல்லரின் கதையைச் சொல்லியிருந்தேன். 1925-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் நடந்த அரிமா மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றோருக்கு வீரர்களாக நில்லுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்ட கதை. உருக்கமாகச் சொன்னேன் என்று பலர் பாராட்டினார்கள்.

விழா மேடை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சிறப்பு விருந்தினரை அறிமுகப்படுத்தும்போது பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போடுகிறார்களே, அதில் எத்தனை பேர் ஆய்வேட்டைக் கையால் தொட்டவர்கள்? பணம் கட்டினால் கௌரவப் பட்டம் தருவதற்கென்றே பெயர்ப்பலகை அமைப்புகள் இருக்கின்றன. என் தங்கை ஆறு ஆண்டு ஆய்வுக்கூடத்தில் கிடந்து அந்தப் பட்டத்தை வாங்கினாள், பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளக் கூச்சப்படுகிறாள். எங்கள் மேடையில் ஒருவருக்கு 'முனைவர்' விட்டுப்போனதற்காக அழைப்பிதழ் முழுவதையும் மறுபடி அச்சடித்தோம். அந்தச் செலவுக்குப் பதினொரு பேரையும் வண்டி வைத்து அழைத்துப் போயிருக்கலாம். சரி, விடுங்கள்.

இந்த இயக்கங்களின் அமைப்பே இப்படித்தான் இருக்கிறது. ரோட்டரியிலும் அரிமாவிலும் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஓர் ஆண்டு. கிவானிஸ் என்ற இன்னொரு சேவை இயக்கத்தின் சங்கங்களுக்கு அக்டோபரில் தொடங்குகிறது. தேதி எதுவாயினும், தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒரே நாளில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியும். அதனால்தான் பதவி முடிந்த தலைவருக்கு அடுத்த ஆண்டும் நிர்வாகக் குழுவில் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். எங்கள் சங்கத்தில் அது மரியாதைக்கான இடம் என்று நினைத்திருந்தோம். எங்களுக்கு அப்போது இருந்த உறவில், அவர் கூட்டங்களுக்கே வருவதில்லை. நானும் வரச் சொல்லவில்லை.

'தன் முத்திரை' என்ற ஆசை தவறு என்று சொன்னால் என்னைக் கிழவி என்பீர்கள், அதனால் போலியோவை எடுத்துக்கொள்கிறேன். ரோட்டரி 1979-இல் பிலிப்பைன்ஸில் சுமார் அறுபது லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் வேலையில் இறங்கியது. 1985-இல் அதை உலகத் திட்டமாக்கியது. அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒரு தலைவர் மாறியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனி முழக்கம் இருந்திருக்கிறது, சொந்த ஆசைகளும் இருந்திருக்கும். ஆனாலும் யாரும் போலியோவைக் கீழே வைக்கவில்லை. இன்று அந்த நோய்க்கிருமியின் இயற்கை வகை வேர்விட்டு நிற்பது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டும்தான். நாற்பது தலைவர்களில் யாராவது ஒருவர் 'போன ஆள் திட்டம் எனக்கு எதற்கு' என்று சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லாமலே அதைச் செய்தேன்.

கையில் வாங்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். கூட்டக் குறிப்பேடு, வங்கிப் புத்தகம், பதிவுச் சான்றிதழ், இணையக் கணக்குகளின் கடவுச்சொற்கள். வங்கியில் கையொப்பம் மாற்றுவதற்குத் தீர்மான நகல் கேட்பார்கள், அதற்கு நாள் பிடிக்கும், இப்போதே தொடங்குங்கள். ரோட்டரியாக இருந்தால் ஜூலை 1, ஜனவரி 1 ஆகிய தேதிகளில் உறுப்பினர் பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் தலைமையகம் சந்தா கேட்கும். விலகிப் போனவர்களை அதற்குள் நீக்காவிட்டால் வராத ஆளுக்கும் நீங்கள்தான் கட்ட வேண்டும். பொருளாளராக இருந்தவள் என்பதால் இவை எல்லாம் எனக்கு அத்துபடி. எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன், ஒரு காசு பிசகவில்லை. அந்த நோட்டு மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஆகவே அவரிடம் ஆவணங்களைக் கேட்பதோடு நிற்காதீர்கள். 'யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம், அதில் எது பாக்கி?' என்று கேளுங்கள். உதவித்தொகை தருவதாகச் சொன்ன மாணவி இருப்பாள். பாதியில் நிற்கும் கழிப்பறை இருக்கும். சக்கர நாற்காலிக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் இருப்பார். இவை பெரும்பாலும் எழுத்தில் இருக்காது, அவருடைய தலைக்குள்தான் இருக்கும். நேரில் போய் உட்கார்ந்தால் ஒன்று சொல்லும்போது இன்னொன்று நினைவுக்கு வரும். ஒரு சங்க அனுபவத்தை வைத்து எல்லாச் சங்கத்துக்கும் தீர்ப்பு எழுதுகிறாய் என்று யாராவது சொல்லலாம். உங்கள் சங்கத்தில் ஒப்படைப்பு ஒழுங்காக நடக்கிறது என்றால் சந்தோஷம், இந்தப் பதிலைத் தாண்டிப் போங்கள்.

அந்தப் பதினொரு பேர் என்னவானார்கள் என்று கேட்பீர்கள். பழைய செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்துத் தந்தார். பெரியவரையும் சேர்த்து எட்டுப் பேருக்கு நவம்பரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மருத்துவமனைக்கு அவர்களை அழைத்துப் போன இரண்டு நாளும் முன்னாள் தலைவர்தான் கூடவே இருந்தார், நான் கேட்காமலே. இரண்டு பேர் அதற்குள் தாங்களே வேறிடத்தில் செய்துகொண்டுவிட்டார்கள். ஒருவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கொடுத்திருந்த எண் பயன்பாட்டில் இல்லை, முகவரி அரைகுறையாக எழுதப்பட்டிருந்தது. நான் அடுத்தவருக்குப் பொறுப்பைக் கொடுத்தபோது அந்தப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி அழைப்பிதழ்களுக்கு நடுவில் வைத்தார். ஜூலை மூன்றாம் தேதி கூப்பிட்டு, அந்தத் தாள் எங்கே என்று கேட்டேன். எரிச்சலாகத்தான் பதில் சொன்னார். பரவாயில்லை.

ஏற்புரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். என்னுடையது பதினெட்டு நிமிடம். ஹெலன் கெல்லரைத் தவிர நினைவில் இருப்பது முடித்த வரி ஒன்றுதான்: 'இந்த ஆண்டு நம் ஆண்டு.' நன்றாகக் கை தட்டினார்கள்.