மரை அளந்தீர்களா? கரிமருந்துத் துப்பாக்கி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி உதிரிபாகம் கேட்டுத்தான். கம்பெனி மூடிவிட்டது, மாடல் நின்றுவிட்டது, பாகத்துக்கு எங்கே போவது என்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் வழக்கமாகச் சொல்வது: வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கி எதுவானாலும் முதலில் அந்த இடிக்கும் கோலை விட்டுப் பாருங்கள். குழல் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாமல், கோலை அடிவரை விட்டு, விளிம்பில் அடையாளம் போட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். முனை, குழலின் அடியில் கேப்பு (அடித்தால் பொறி விடும் சின்ன மூடி) உட்காரும் நிப்பிள் வரை எட்ட வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் உள்ளே லோடு இருக்கிறது. அப்படியே வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கோ டீலருக்கோ சொல்லி ஆளை வரவழையுங்கள். தாத்தா இடித்து வைத்த கரிமருந்து பேரன் காலத்திலும் வெடிக்கும்.

பரணில் தாத்தாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி கிடைத்தது. நிப்பிளில் அடிக்கும் குதிரை முறிந்திருக்கிறது. தாத்தா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. புதுக் குதிரை எங்கே கிடைக்கும்? (குடியாத்தம்)

குதிரை அப்புறம். லைசென்ஸ் தாத்தா பெயரில்தானே? அவர் போன பிறகு அதை வீட்டில் வைத்திருக்க உங்களுக்கு உரிமை கிடையாது. ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும். ஆறு வருஷம் பரணில் போட்டுவிட்டு ஸ்பேர் கேட்கிறீர்கள்! ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு இந்த வாரமே ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் கலெக்டர் ஆபீசில் விண்ணப்பிக்கலாம், 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. பழைய லைசென்ஸ் புத்தகத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று சீல் இருந்தால் மிரள வேண்டாம். 1989-ல் ஒரு தடவை பிரித்தார்கள், 2019-ல் மறுபடி பிரித்தார்கள், குடியாத்தம் இன்னும் வேலூரோடுதான் இருக்கிறது.

பெரியவர்கள் உயிரோடு இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. லைசென்ஸ்காரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கி அவர் கையில் 25 வருஷம் இருந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசு பெயருக்கு விண்ணப்பிக்கலாம். அதைச் செய்தால் இந்தத் தலைவலியே இல்லை.

பழைய துப்பாக்கி உள்ளது. ஸ்பேர் வேண்டும். என்ன விலை? (வாணியம்பாடி)

மெடிக்கல் ஷாப்பில் போய், "வயசானவர் இருக்கார், மாத்திரை வேணும், என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொல்வாரோ அதுதான் என் பதிலும்.

பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் உள்ள துப்பாக்கி. செய்த கம்பெனி இப்போது இல்லை. நிப்பிள் தேய்ந்ததால் ஊரில் லேத் பட்டறையில் போல்ட்டைக் கடைந்து ஒன்று போட்டோம். சுமாராக ஏறிவிட்டது. ஆனால் சுடும்போது குதிரை தானாகப் பின்னால் எழும்புகிறது, முகத்தில் புகை அடிக்கிறது. ஏன்? (ஒடுகத்தூர்)

'சுமாராக ஏறிவிட்டது.' இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தண்ணீர்க் குழாயில் சுமாராக ஏறினால் சொட்டும், டேப் சுற்றிக்கொள்ளலாம். இங்கே உங்கள் கண்ணிலிருந்து ஒரு சாணுக்குள் நெருப்பு வெடிக்கிறது.

நிப்பிளில் மரை பல விதம். அமெரிக்க மாடல்கள் பலவற்றில் கால் அங்குலம், அங்குலத்துக்கு 28 மரை. ஸ்பெயினில் செய்தவற்றில் பெரும்பாலும் 6 மில்லி, ஒரு மில்லி இடைவெளி. இத்தாலிக்காரர்கள் 6 மில்லியிலேயே முக்கால் மில்லி இடைவெளி வைப்பார்கள். கால் அங்குலம் என்பது 6.35 மில்லி. அந்தத் துளையில் 6 மில்லி நிப்பிளை விட்டால் ஏறத்தான் செய்யும், லொடலொட என்று நாலு சுற்று சுற்றும், கைக்கு இறுகின மாதிரியும் தெரியும். நிஜத்தில் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். பத்தாவது வெடியிலோ இருபதாவதிலோ பிய்த்துக்கொண்டு வரும். எங்கே வரும்? சுடுகிறவன் முகம் இருக்கும் பக்கம்தான்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் நெருப்புத் துளை. நல்ல நிப்பிளில் அது முக்கால் மில்லி சுமார், குண்டூசி நுழைகிற அளவு. பட்டறையில் அவ்வளவு சின்ன டிரில் பிட் உடைந்துகொண்டே இருக்கும், அதனால் ஒன்றரை, இரண்டு மில்லியில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதன் வழியாகக் காற்று திரும்பி வந்து குதிரையைத் தூக்குகிறது. உங்களுக்கு நடப்பது இதுதான். மூன்றாவது, போல்ட் இரும்பு மெத்தென்று இருக்கும். குதிரை அடிக்க அடிக்கக் கூம்பு நசுங்கி விரியும், பிறகு கேப்பு அடிவரை உட்காராது.

லேத்காரரை நான் குறை சொல்லவில்லை. மோட்டார் ஷாஃப்ட்டை நம் பக்கத்துப் பட்டறைக்காரர் மாதிரி யாரும் கடைய முடியாது. ஆனால் அவரைக் கூப்பிட்டு நீங்கள் மாட்டிவிடுகிறீர்கள். சட்டத்தில் 'ஆயுதம்' என்றால் அதன் பாகமும் சேர்த்திதான். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் ரிப்பேர் பார்ப்பதும் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஏழு வருஷத்திலிருந்து ஆயுள் வரை போகும். டீக்காசுக்குப் போல்ட் கடைந்தவருக்கு இது தெரியுமா? நீங்கள் சொன்னீர்களா?

இப்போது செய்ய வேண்டியது: அந்த நிப்பிளோடு இனி ஒரு தடவைகூடச் சுடாதீர்கள். கோலை விட்டுப் பார்த்து, காலி என்று உறுதி செய்துகொண்டு, லைசென்ஸ் புத்தகத்தோடு துப்பாக்கியை ரிப்பேர் லைசென்ஸ் உள்ளவரிடம் கொண்டுபோங்கள். துளையின் மரை கெட்டிருந்தால் அவர் அடுத்த அளவுக்கு மரை வெட்டி, அதற்கேற்ற நிப்பிள் போடுவார். துப்பாக்கியின் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். கம்பெனி செத்தாலும் மரை சாகாது, அந்த மரைக்கு இன்றும் யாராவது நிப்பிள் செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் பழைய தாம்சன் சென்டர் ஹாக்கன் என்ற அமெரிக்கக் கரிமருந்துத் துப்பாக்கி வாங்கியிருக்கிறார். அந்த மாடல் இப்போது வருவதில்லையாம். பாகம் கிடைக்குமா? எனக்கும் ஒரு செட் அனுப்பச் சொல்லலாமா? (ஆம்பூர்)

மச்சானுக்குக் கிடைக்கும். 1970-ல் வந்த மாடல், ஏராளமாக விற்றது. அதனால் உடைந்த துப்பாக்கிகளின் பாகமே சந்தையில் நிறையச் சுற்றுகிறது. நிப்பிள் கால் அங்குலம் 28 மரை, கேப்பு 11ஆம் நம்பர். லாக்கு (குதிரையும் ஸ்பிரிங்கும் சேர்ந்த சுடும் பொறி) முழுதும் போய்விட்டால் அதே குழியில் உட்காருகிற மாற்று லாக்கை எல் அண்ட் ஆர் என்ற கம்பெனி செய்கிறது, துப்பாக்கியின் மரக்கட்டையில் லேசாகச் செதுக்க வேண்டி வரலாம். டிக்ஸி கன் ஒர்க்ஸ், டிராக் ஆஃப் த வுல்ஃப் பட்டியல்களையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் காலத் தோட்டாவில் வரும் புகையில்லா மருந்தை மட்டும் அதில் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஒரு சிட்டிகைகூடக் கூடாது, குழல் பிளந்துவிடும்.

உங்களுக்கு அனுப்பக் கூடாது. அங்கே இந்த ரகம் பழம்பொருள் கணக்கில் வருவதால் தபாலிலேயே போகும். இங்கே அது ஆயுதப் பாகம், அனுமதி இல்லாமல் இறக்க முடியாது. சூட்கேஸில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவரும் யோசனை இருந்தால் கைவிடுங்கள்.

லாக்கில் கிரீடமும் 'டவர்' என்ற எழுத்தும் இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் ராணுவ என்ஃபீல்டுதானே? ஸ்பிரிங் மாற்றினால் சுடும். பழம்பொருள் என்பதால் லைசென்ஸ் தேவையில்லை என்கிறார்கள். எத்தனை லட்சம் போகும்? (ஆற்காடு)

லட்சத்தை ஓரமாக வையுங்கள். ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான். 'ஸ்பிரிங் மாற்றினால் சுடும்' என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்களே!

பாகம் பற்றி: 'டவர்' முத்திரை இருந்தால் பெரும்பாலும் பர்மிங்ஹாம், லண்டன் பட்டறைக்காரர்கள் ஒப்பந்தத்துக்குச் செய்தது. கையால் அரம் போட்டுப் பொருத்தியவை, ஒன்றின் பாகம் இன்னொன்றில் அப்படியே உட்காராது. 'என்ஃபீல்டு' என்று முத்திரை இருந்தால் அரசுத் தொழிற்சாலை, 1850-களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரத்தில் செய்தது, பாகம் மாற்றிப் போடலாம். கிரீடமும் எழுத்தும் பிற்காலத்தில் யார் வேண்டுமானாலும் அடித்திருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஜூலை 10, 1806 வேலூர்ப் புரட்சி நாடகம் போடுகிறோம். வேலை செய்யும் பழைய லாக்கு ஒன்று கிடைக்குமா? கேப்பு வைத்துச் சத்தம் வரவழைக்க வேண்டும். (வேலூர், ஆசிரியர்)

1806-ல் கேப்பே கிடையாது டீச்சர். சிக்கிமுக்கிக் கல் காலம் அது. பிரிட்டிஷ் படைக்குக் கேப்புத் துப்பாக்கி வந்தது 1830-களின் கடைசியில்தான். மரத்தில் செய்து கறுப்பு பெயிண்ட் அடியுங்கள், சத்தத்துக்குத் திரைக்குப் பின்னால் டிரம் இருக்கிறது. பிள்ளைகள் கையில் நிஜ லாக்கு வேண்டவே வேண்டாம்.

கட்டை கழுத்தில் விரிசல். ஃபெவிகால் போதுமா? (ஆரணி)

போதாது. எபாக்சியும் உள்ளே ஒரு ஊசியும் வேண்டும், தெரிந்தவர் செய்யட்டும்.

மண்ணெண்ணெயில்தான் துடைக்கிறேன். ஆனாலும் குழல் துருப்பிடிக்கிறது. (போளூர்)

கரிமருந்துச் சாம்பல் உப்பு மாதிரி ஈரத்தை இழுக்கும், மண்ணெண்ணெயில் கரையாது. சுட்ட அன்றைக்கே வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, காயத் துடைத்து, பிறகு எண்ணெய். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் துரு பார்த்துக்கொள்ளும். கழுவுவதற்கு முன் கோலை விட்டுப் பார்ப்பது ஞாபகம் இருக்கட்டும்.

பெயர் வேண்டாம். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி. விசை ஸ்பிரிங் மட்டும்... (ஜமுனாமரத்தூர் பக்கம்)

கிடையாது. மலையில் போலீஸ் அவ்வப்போது ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பார்கள், அப்போது நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

பாகம் மாற்றி ரெடி. லைசென்ஸும் சரியாக இருக்கிறது. கடலைக் கொல்லையில் இறங்கும் காட்டுப்பன்றியை இனிச் சுடலாமா? (அணைக்கட்டு)

கூடாது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுட 2025-ல் அரசு வழிவிட்டது, ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள். நீங்கள் ரேஞ்சர் ஆபீசில் மனுக் கொடுங்கள், சேதமான கொல்லையைப் போட்டோ எடுத்து இணையுங்கள்.